அவனுக்குப் பசிக்குதாம்

என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் நாயை வைத்துத் தூக்கிக்கொண்டு போகிற நீலப் பை ஒன்று கிடக்கிறது. இரண்டு பக்கமும் வலை, மேலே ஜிப், தோளில் மாட்ட ஒரு பட்டை. நான் நாய் வளர்ப்பதில்லை. வளர்க்கிற உத்தேசமும் கிடையாது. தீபாவளிக்கு வீடு ஒழிக்கும்போதெல்லாம் அதைத் தூக்கிப் போடலாம் என்று கீழே இறக்குவேன். தூசி தட்டி மறுபடி அங்கேயே வைத்துவிடுவேன். என் முதல் வெளிநாட்டுப் பயணம் அந்தப் பையால்தான் கெட்டது. அதைப் பார்த்தால் முதலில் கோபம் வரும், கோபம் முடிவதற்குள் மூன்றாம் மாடி அக்கா ஞாபகத்துக்கு வந்துவிடுவார்.

மயூர் விஹாரில் எங்கள் அபார்ட்மென்ட் சொசைட்டியில் நான் இரண்டாம் மாடி, அக்கா எனக்கு நேர் மேலே. மத்திய அரசில் தபால் பிரிவில் கிளார்க்காகச் சேர்ந்து செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். கணவர் நான் குடி வருவதற்கு முன்பே இறந்துபோயிருந்தார். திருநெல்வேலிப் பக்கம் சொந்த ஊர். தில்லிக்கு வந்து நாற்பது வருஷமாகியும் அந்தப் பேச்சு அவரை விட்டுப் போகவில்லை. காய்கறிக்காரனிடம் "பையா, ஜல்தி" என்று பாதி இந்தியில் பேசிவிட்டு அடுத்த மூச்சில் என்னை "ஏட்டி" என்பார். நான் சேலத்துக்காரி. வேறு யாராவது என்னை அப்படிக் கூப்பிட்டிருந்தால் ஒரு வாரம் பேசியிருக்க மாட்டேன். அவரிடம் அந்த வீறாப்பெல்லாம் செல்லாது.

நாங்கள் குடி வந்த மறுநாள் காலை ஆறு மணிக்கு மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஒரு கையில் டம்ளர், இன்னொரு கையில் ஒரு வெள்ளைப் பொமரேனியன்.

"மேல் வீடு. காபிப் பொடி இருக்குமா? எங்க வீட்டுல தீந்துட்டு. இவனுக்குக் காலைல காபி வாசம் வரலைன்னா எந்திரிக்கவே மாட்டான்."

நாய் நன்றாக எழுந்துதான் இருந்தது. என் கால் கட்டைவிரலைக் கடிக்க வழி பார்த்துக்கொண்டிருந்தது. புதிதாக வந்த இடம், முதல் அறிமுகம், பொடியைக் கொடுத்துவிட்டேன். அது எவ்வளவு பெரிய தவறு என்று அப்போது தெரியவில்லை.

அக்காவுக்குத் தனக்கென்று எதுவும் வேண்டியிருக்காது. பசிக்காது, தூக்கம் வராது, குளிராது. எல்லாம் லட்டுவுக்குத்தான். ஆமாம், அந்த நாயின் பெயர் லட்டு. சாயங்காலம் நான் பஜ்ஜி போட்டால் வாசனை பிடித்துக்கொண்டு இறங்கி வருவார். "அவனுக்குப் பசிக்குதாம்." தட்டை நீட்டினால் ஒரு பஜ்ஜியில் நுனியைக் கிள்ளி நாய்க்குப் போட்டுவிட்டு மீதி ஐந்தையும் அவர் சாப்பிடுவார். என் வீட்டு டிவி சத்தம் அதிகமாக இருந்தால், "அவன் தூங்கணும்லா, கொஞ்சம் குறை." என் சாம்பார் பிடிக்கவில்லையென்றால், "அவனுக்குப் புளிப்பு ஆகாது." சாம்பாரை நாய் மோந்துகூடப் பார்த்திருக்காது.

சொசைட்டிக் கூட்டத்திலும் இதே கதைதான். மொட்டை மாடியில் செல்போன் கோபுரம் வைக்க அனுமதி கொடுக்கலாமா என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடியிருந்தோம். எல்லோரும் கை தூக்கிய பிறகு அக்கா எழுந்தார். லட்டுவுக்கு இதில் சம்மதம் இல்லை, அவனுக்குத் தலைவலி வரும் என்று இந்தியில் சொன்னார். செகரெட்டரி குப்தாஜி கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "மேடம்ஜி, தலைவலி இருப்பதை நாய் உங்களிடம் எப்படிச் சொல்லிற்று?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "லட்டுவின் ஆட்சேபனையை மினிட்ஸில் எழுதுங்கள்" என்றார். நாற்பது வருஷ ஆபீஸ் அனுபவம், எழுதும்வரை உட்காரவில்லை. குப்தாஜி எழுதினார். எங்கள் சொசைட்டியின் மினிட்ஸ் புத்தகத்தில் ஒரு நாயின் ஆட்சேபனை இன்றைக்கும் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டால் வேடிக்கையாகத்தான் இருக்கும். பக்கத்தில் இருந்து அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு அக்டோபரில் போன் செய்து, "அவன் ரெண்டு நாளா சரியாச் சாப்பிடல, ஒரு எட்டு வந்து பாரேன்" என்றார். எனக்கு ஆபீசில் ஆடிட். நாய் சாப்பிடாததற்கெல்லாம் நான் வர முடியுமா என்று எரிந்து விழுந்தேன். சாயங்காலம் மனசு கேட்காமல் மேலே போனால், நாய் திடமாக இருந்தது. அக்கா கட்டிலில் சுருண்டு கிடந்தார். உடம்பு அடுப்பு மாதிரி சுட்டது. டெங்கு. ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். "காய்ச்சல்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே அக்கா" என்று நான் அங்கேயே கத்தினேன். "சொன்னேன்லா, அவன் சாப்பிடலன்னு" என்றார். இவரோடு என்ன செய்வது? நான் வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்து அன்றைக்கு வீட்டுக்கு வந்து அழுதேன். அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

அவருக்கு ஒரே மகள், கோமதி. லட்டுவைக் குட்டியாக வீட்டுக்குக் கொண்டுவந்தவள் அவள்தான். அவர்கள் மோதி பாக் குவார்ட்டர்ஸில் இருந்தபோது, கல்லூரி முதல் வருஷத்தில் யாரோ தோழியிடமிருந்து துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்து எடுத்து வந்தாளாம். தில்லியில் பிறந்த பெண், தமிழ் கொஞ்சம் தடுக்கும், இந்தியில் பொரிந்து தள்ளுவாள். கூட வேலை பார்த்த பிரகாஷ் என்கிற காத்மாண்டுப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொல்லி ஒருநாள் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். சாமான் தூக்கிக் கொடுக்க நானும் மேலே போயிருந்தேன். பையன் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான், கை கூப்பினான். லட்டு குலைத்தது.

அது எல்லோரையும் பார்த்துக் குலைக்கிற நாய். காஸ் சிலிண்டர்காரன், தபால்காரர், குப்தாஜி, நான், ஒருவரையும் விட்டது இல்லை. ஆனால் அக்கா அன்றைக்கு நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு மகளைப் பார்த்துச் சொன்னார்.

"பாத்தியா? அவனுக்கே பிடிக்கல."

அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. ஜாதியா, ஊரா, நாடா, மகள் தூரமாகப் போய்விடுவாள் என்ற பயமா, எதையும் சொல்லவில்லை. கோமதி ஒரு மாதம் சுற்றிச் சுற்றி வந்து கேட்டாள். ஒவ்வொரு தடவையும் இதே பதில். கடைசியில் அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போது என் வாசலில் நின்று சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"ஒரு நாய் சொல்லிச்சுன்னு என்னை வேண்டாம்னுட்டாங்க ஆன்ட்டி. தானே சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன்."

கல்யாணம் காத்மாண்டுவில் நடந்தது. அக்கா போகவில்லை. அவனை யாரிடம் விட்டுவிட்டுப் போவது என்றார்.

பிறகு ஏழு வருஷம் அம்மாவும் மகளும் பேசவில்லை. ஆனால் என் செல்போனுக்கு மாதம் ஒரு முறை கோமதியிடமிருந்து செய்தி வரும். "லட்டு எப்படி இருக்கான் ஆன்ட்டி? போட்டோ அனுப்புங்க." நான் மேலே போய்ப் படம் எடுத்து அனுப்புவேன். சோபாவில் நாய், பக்கத்தில் அக்காவின் ஒரு கை. ஒரு தடவை பதில் வந்தது, "கொஞ்சம் தள்ளி நின்னு எடுங்க ஆன்ட்டி, லட்டுவோட முழு வீடும் தெரியணும்." எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தாய்க்குத் தப்பாமல் பிறந்த மகள். இரண்டு பேரும் ஒரு நாயை நடுவில் நிறுத்திக்கொண்டு, அந்த நாய்க்கும் நடுவில் என்னை நிறுத்தியிருந்தார்கள். நான் தள்ளி நின்று, அக்கா முழுதாகத் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பினேன்.

அப்புறம் கோமதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. படம் எனக்கு வந்தது. மேலே கொண்டுபோய்க் காட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். படத்தைப் பெரிதாக்கி மூக்கைப் பார்த்தார், காதைப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டார். இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்.

"லட்டுவுக்கு வயசு பதிமூணு ஆகப்போகுது. அவன் கோமதியத் தேடுதான் பாத்துக்க. ஒரு தடவை கொண்டு காட்டிட்டு வந்துரலாம்னு இருக்கேன். வெள்ளிக்கிழமை போய் ஞாயித்துக்கிழமை வந்துரணும். அதுக்கு மேல அவனுக்கு அந்தக் குளிர் ஒத்துக்காது."

"நீங்களும் நாயுமா?"

"நீயும்தான். அவனைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும்லா? டிக்கெட் போட்டுட்டேன்."

என்னைக் கேட்கவே இல்லை. லட்டு வருகிறான் என்று கோமதிக்குச் செய்தி அனுப்பியதும் நான்தான், பதிலாக விலாசம் மட்டும் வந்தது. ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், மறைப்பானேன். நான் வெளிநாடு போனதே கிடையாது. என் கணவர் "காத்மாண்டுவெல்லாம் ஒரு வெளிநாடா" என்று கிண்டல் செய்தார். இருக்கட்டுமே. சரோஜினி நகர் மார்க்கெட்டுக்குப் போய் அரைநாள் பேரம் பேசி ஒரு நல்ல ஸ்வெட்டரும் நடப்பதற்கு ஷூவும் வாங்கினேன். ஆபீசில் வெள்ளிக்கிழமை லீவு போட்டேன், காரணம் கேட்ட எல்லோரிடமும் வெளிநாடு போகிறேன் என்று சொன்னேன்.

நேபாளம் போக நமக்குப் பாஸ்போர்ட்கூட வேண்டியதில்லை. வாக்காளர் அட்டை போதும். நாய்க்குத்தான் அத்தனை காகிதமும். வெறிநாய்க்கடி ஊசி போட்டதற்குச் சான்று, உடல்நலச் சான்று, நாட்டை விட்டுப் போக ஒரு அனுமதி, அதே நாய்தான் திரும்பி வருகிறது என்று உள்ளே வர இன்னொரு அனுமதி. அக்காவுக்குக் குஷி பிறந்துவிட்டது. ஓய்வு பெற்ற பிறகு அவர் கையில் ஒரு கோப்பு கிடைத்தது அதுதான். ஒவ்வொன்றிலும் மூன்று நகல், பக்க எண், மேலே "லட்டு" என்று தலைப்பு. நான் லீவு போட்டு கார் ஓட்டினேன், அவர் ஒவ்வொரு அலுவலகத்திலும் கவுண்ட்டருக்கு உள்ளே இருப்பவருக்கே விதி சொல்லிக் கொடுத்தார்.

காகிதம் சரியாகிவிட்டது. எடைதான் தகராறு. பையோடு சேர்த்து ஏழு கிலோவுக்குள் இருந்தால் நாயை மடியோடு விமானத்துக்குள் கொண்டுபோகலாம். கூடினால் சரக்கு அறைக்குத்தான் போகவேண்டும், இந்த வயதில் அதைச் சரக்கு அறையில் போடக் கூடாது என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். அப்போது லட்டு பையோடு எட்டு கிலோ. மூன்று வேளை தயிர்சாதம் தின்று வளர்ந்த நாய் வேறு எப்படி இருக்கும்?

ஆறு வாரம் அதைப் பட்டினி போடாத குறையாக இளைக்க வைத்தது நான்தான். வேக வைத்த சுரைக்காய், கொஞ்சம் கோழி, காலையும் மாலையும் நடை. பத்தியத்தைக் கெடுப்பார் என்று அக்காவின் ஃபிரிட்ஜிலிருந்து தயிரை எடுத்துவந்து என் வீட்டில் வைத்தேன். நாய் என்னைப் பார்த்துக் குலைப்பதைக்கூட நிறுத்திவிட்டது. அவ்வளவு வெறுப்பு. வியாழக்கிழமை சாயங்காலம் மருத்துவரிடம் பையோடு நிறுத்தினோம். ஆறு கிலோ எண்ணூறு. நான் அங்கேயே கை தட்டினேன்.

வெள்ளிக்கிழமை காலை. பாராபுல்லா மேம்பாலம் ஏறி விமான நிலையம் போகும்வரை அக்கா கோப்பைப் புரட்டிக்கொண்டே வந்தார். புதுப் புடவை, மடியில் நாயோடு அந்த நீலப் பை. உள்ளே போய் வரிசையில் நின்று கவுண்ட்டருக்கு வந்தோம். பெண் ஒருத்தி சிரித்த முகமாகக் கோப்பைப் புரட்டினாள். இவ்வளவு ஒழுங்கான கோப்பை இதுவரை பார்த்ததில்லை என்றாள். அக்கா நிமிர்ந்து நின்றார். பையைத் தராசில் வைக்கச் சொன்னாள். வைத்தேன்.

ஏழு கிலோ இருநூறு.

எடுத்துத் திரும்ப வைத்தேன். ஏழு இருநூறுதான். உள்ளே விரித்திருந்த துணியை எடுத்தோம், கழுத்துப் பட்டையைக் கழற்றினோம். ஏழு கிலோ நூறு. என் கண் மெதுவாக அக்கா பக்கம் திரும்பியது. அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா. காலைல அவனுக்கு என்ன குடுத்தீங்க?"

"ஒண்ணுமில்லட்டி."

"அக்கா!"

"பின்ன, ஊருக்குப் போற பிள்ளைய வெறும் வயித்தோட அனுப்புவாங்களா? கொஞ்சம் தயிர்சாதம். அவ்வளவுதான்."

"தயிர்தான் என் வீட்டுல இருந்துதே?"

"கீழ மதர் டெய்ரி பூத்ல போய் ஒரு பாக்கெட் வாங்கிட்டு வந்தேன்."

ஆறு வாரம்! ஆறு வாரம் நான் சுரைக்காய் சீவினேன். பயணம் கிளம்புகிறவர்களுக்கு நம் வீடுகளில் தயிர்சாதம் போட்டு அனுப்புவது வழக்கம்தான், யார் இல்லை என்றது? தராசில் ஏறப்போகிற நாய்க்கு யாராவது போடுவார்களா? அந்தப் பெண் மேலதிகாரியைக் கூப்பிட்டாள், அவர் வந்து கனிவாகப் பேசிவிட்டு, ஏழு என்றால் ஏழுதான் என்றார். நான் நாயைத் தூக்கிக்கொண்டு ஒரு ஓரமாகப் போனேன். அது மூத்திரம் போனால் நூறு கிராம் குறையாதா என்ற ஆசை. பளபளவென்று இருந்த தரையைப் பார்த்துவிட்டு லட்டு ஒழுக்கமாக உட்கார்ந்துகொண்டது. வாழ்நாளில் அது ஒழுக்கமாக நடந்துகொண்ட ஒரே நேரம் அதுதான்.

கவுண்ட்டர் மூட இருபது நிமிஷம் இருந்தது. நான் முடிவு செய்தேன். சொன்னேன்.

"நான் இவனைக் கூட்டிட்டு வீட்டுக்குப் போறேன். நீங்க போய்ட்டு வாங்க."

"அவன் இல்லாம நான் எப்படிட்டி போறது? அவனுக்குத்தான கோமதியப் பாக்கணும். நான் தனியாப் போய் நின்னு என்னன்னு சொல்லுவேன்?"

அப்போதுதான் எனக்குப் பொறுமை போயிற்று. பத்து வருஷத்துப் பஜ்ஜி, காபிப் பொடி, டெங்கு, மினிட்ஸ் புத்தகம், தள்ளி நின்று எடுத்த படங்கள், என் புது ஷூ, எல்லாம் சேர்ந்து வெளியே வந்தது.

"கோமதியைப் பெத்தது நாயா? நீங்களா? அன்னிக்கும் நாய் மேல பழியைப் போட்டுத்தான் அவளை அனுப்பினீங்க. இன்னிக்கும் நாயைக் காட்டித்தான் உள்ளே போகணுமா? இவன் வந்திருந்தாக்கூட அவ கதவைச் சாத்தியிருப்பா அக்கா. நானா இருந்தா சாத்துவேன். உங்களுக்கு உங்க பொண்ணைப் பாக்கணுமா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். தமிழ் தெரியாதவர்களுக்கும் விஷயம் புரிந்திருக்கும், அவ்வளவு சத்தம்.  அக்காவின் முகம் சுருங்கிப்போயிற்று. நான் பேசியது அதிகம் என்று பேசி முடிக்கும்போதே தெரிந்தது, ஆனால் திரும்ப எடுக்க மனசு வரவில்லை.

அவர் லட்டுவின் கோப்பை எடுத்து என் கையில் கொடுத்தார். பட்டையை நாயின் கழுத்தில் மாட்டினார். அது அவர் கையை நக்கியது. கவுண்ட்டர் பக்கம் திரும்பி அந்தப் பெண்ணிடம், "பேட்டா, ஒரே ஒரு ஆள்தான்" என்று இந்தியில் சொன்னார். வாக்காளர் அட்டையை நீட்டினார். பாதுகாப்புச் சோதனை வரிசைக்குப் போகும்போது திரும்பிப் பார்க்கவே இல்லை.

விமானக் கம்பெனி ஆள் ஒருவர் என்னையும் நாயையும் வெளியே கொண்டுவந்து விட்டார். நீலப் பையைத் தோளில் மாட்டி, ஸ்வெட்டரைக் கையில் பிடித்துக்கொண்டு, தில்லி வெயிலில், வெளிநாட்டுக்கென்று வாங்கிய ஷூவோடு நான் பார்க்கிங்கில் நின்றேன்.

அந்த இரண்டு நாளைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. லட்டு என் வீட்டில் ஒரு வாய் சாப்பிடவில்லை. கதவருகிலேயே படுத்திருந்தது. அக்காவிடமிருந்து போன் இல்லை. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. கோமதிக்குச் செய்தி அனுப்பலாமா என்று நாலு தடவை எழுதி நாலு தடவையும் அழித்தேன். ஒரு வயதான பெண்ணைத் தெரியாத ஊருக்குத் தனியாக அனுப்பிவிட்டோம், கோமதி கதவைச் சாத்தியிருந்தால் அக்கா எங்கே தங்கியிருப்பார், பேச்சைக் குறைத்திருக்கலாமே என்று சனிக்கிழமை முழுக்க என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் தயிர்சாதம் பிசைந்து வைத்தேன். லட்டு அதையும் தொடவில்லை. அக்காவைத் தேடுகிறது என்று புரிந்தது. அந்த நாய் நிஜமாகவே யாரையோ தேடிய ஒரே தடவை, அதைச் சொல்ல அக்கா பக்கத்தில் இல்லை.

ஞாயிறு மத்தியானம் லட்டுவோடு போய் விமான நிலைய வாசலில் நின்றேன். அக்கா வந்தார். கையில் துணிப்பை, வேறு புடவை. நாயை வாங்கி முகத்தோடு வைத்துக்கொண்டார். "இளைச்சுட்டான்" என்றார். நான் பல்லைக் கடித்தேன். காரில் ஏறி தௌலா குவான் வரும்வரை நாயின் காதைத் தடவிக்கொண்டே வந்தார். நானும் கேட்கக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

"என்னதான் ஆச்சு அக்கா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"கதவைத் தொறந்தா. எனக்குப் பின்னால எட்டிப் பாத்தா. 'லட்டு எங்கே'ன்னா. வரல, எடை கூடிட்டுன்னேன். 'அப்ப நீ எதுக்கும்மா வந்தே'ன்னா."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உன்னப் பாக்கணும்னு இருந்துச்சு, வந்தேன்னேன்."

 "அதுக்கு அவ?"

"செருப்பை வெளிய கழட்டிட்டு வான்னா."

கொஞ்ச தூரம் போனோம். பிறகு அவராகவே பேசினார். பிரகாஷ் டீ போட்டுக் கொடுத்தானாம். குழந்தை முதலில் அழுதாளாம், அப்புறம் இவர் மூக்குத்தியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம்.

"அந்தப் பையன்ட்டச் சொல்லிட்டேன். அன்னிக்கு நாய் குலைச்சது சும்மா. பிடிக்காதது எனக்குத்தான்னு. கோமதி அழுதா. அவன் இன்னொரு டீ போட்டான்."

அவர் அழுகிறாரா என்று பார்க்கத் திரும்பினேன். அழவில்லை. மடியில் நாய் தூங்கிவிட்டிருந்தது. மோதி பாக் பக்கம், ஒரு காலத்தில் அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸ் தெரு வரும்போது என் தோளைத் தட்டினார்.

"ஏட்டி, ஓரமா எங்கயாவது நிறுத்து. பசிக்குது."

பத்து வருஷப் பழக்கம், நான் யோசிக்காமலே சொன்னேன். "இன்னும் அரை மணிதான் அக்கா. வீட்டுல அவனுக்குத் தயிர்சாதம் பிசைஞ்சு வெச்சிருக்கேன்."

"அவன் தூங்குதான்" என்றார் அக்கா. "எனக்குப் பசிக்குது."

கொண்டைக்கடலையும் ரொட்டியும் விற்கிற சோலே குல்ச்சா வண்டி ஒன்றைப் பார்த்து நிறுத்தினேன். இரண்டு தட்டு சாப்பிட்டார். நாய்க்கு ஒரு துண்டுகூடக் கிள்ளி வைக்கவில்லை.